இறங்காத முள்

எங்கள் வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. அங்கே உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக ஒரு சின்ன வட்ட மீட்டர் தெரியும். இன்ஜினுக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டுகிற மீட்டர். அதில் ஒரு வெள்ளை முள். அந்த முள்ளை வைத்துத்தான் என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் பேச்சை நிறுத்தினார்கள். அதே முள்ளுக்காக ஒரு நாள் காலையில், வண்டி நிறையப் பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நடுரோட்டில் நான் வண்டிச் சாவியைப் பிடுங்கினேன்.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் நடந்தது இது. ரவாங் பக்கம் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த காலம். பத்தாங் பெர்ஜுந்தை ரப்பர் தோட்டங்களில் பள்ளிக்கூடம் முடித்த பெண்பிள்ளைகள் பால்மரம் வெட்டப் போகாமல் அங்கே வேலைக்குப் போனார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போய்க் காலை ஷிஃப்டுக்கு இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டி வருவதுதான் எங்கள் பிழைப்பு. அவர் ஓட்டுவார். நான் கதவைத் திறந்து, யார் ஏறினார்கள், யார் இன்னும் கண்ணாடி முன்னால் நின்று பவுடர் போடுகிறார்கள் என்று சத்தம் போடுவேன். வண்டி மூக்கு நீண்ட பழைய வேன். எங்களுக்கு முன்னால் எத்தனை பேரிடம் அடிபட்டு வந்ததோ, யாருக்கும் தெரியாது.

அதற்கு முன் அவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். வேலையை விட்ட அன்று, விடியற்காலையில் எல்லாரையும் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், ஆட்களை மேய்க்கிற மண்டோர் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "போ, போ. இன்ஜின் படுத்துச்சுன்னா இதே எடத்துல வந்து நிப்ப. அப்பப் பேசிக்கலாம்." இவர் அதை வீட்டில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமியார் அப்போதும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்ததால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலேயே இருந்தோம். தினமும் பெரட்டு மணி எங்கள் வாசல் வரைக்கும் கேட்கும். அந்த நேரம் பார்த்து இவர் வேனில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு கண்ணாடி துடைப்பார்.

வண்டி வாங்கிய புதிதில் ஒரு இன்ஜின் ஏற்கெனவே போய்விட்டது. அப்போது ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான் இருந்தது. எண்ணெய் அழுத்தம் அறவே போன பிறகுதான் அது எரியும். எரிந்ததைக் கவனித்து வண்டியை நிறுத்துவதற்குள் உள்ளே எல்லாம் இறுகிப் போயிருந்தது. எப்படியோ இன்னொரு பழைய இன்ஜினைப் போட்டு எழுந்தோம். இதுவும் போனால் அடுத்ததற்கு வழி கிடையாது. பெரட்டுதான், மண்டோர் முகம்தான். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால்தான் அவர் கிள்ளான் பழைய சாமான் கடையில் இந்த மீட்டரைத் தேடிப் பிடித்தார். முள் இருந்தால் அழுத்தம் குறையும்போதே தெரிந்துவிடும் அல்லவா? மீட்டரோடு கொய்யாக்காய் அளவில் கனமான ஒரு டப்பியும் வந்தது. எண்ணெயின் அழுத்தத்தை உணர்ந்து கம்பி வழியாக மீட்டருக்குச் சொல்கிற வேலை அதனுடையது. அடியில் பித்தளையில் ஒரு சின்னக் கழுத்து. இந்த டப்பியை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது.

கோல சிலாங்கூரில் என் அண்ணன் பட்டறை வைத்திருந்தார். அங்கேதான் போனோம். என் வீட்டுக்காரருக்கு அதை நேராக இன்ஜின் மேல் முறுக்கிவிட வேண்டும்.

"வேணாம் மாப்ள," என்றார் அண்ணன். "பழைய இன்ஜின். இது ஆடுற ஆட்டத்துக்கு இந்தக் கனம் தாங்காது. பித்தளைக் கழுத்து ஒரு நாள் ஒடியும். ஒடிஞ்சா உள்ள இருக்குற எண்ணெய் அம்புட்டும் அந்த ஓட்ட வழியா ரோட்டுக்கு வந்துரும். டப்பிய இன்ஜின்ல வைக்காத. இன்ஜினுக்குப் பின்னால இருக்குற இந்தத் தகரச் சுவத்துல வை. இன்ஜின்லருந்து ரப்பர்க் குழாய் போட்டு எண்ணெயக் கொண்டாருவோம். சிவப்பு லைட்டு சுவிட்சும் அங்கயே இருக்கட்டும்."

"நாடி பாக்குறவன் கையப் பிடிச்சுப் பாப்பானா, சட்டையப் பிடிச்சுப் பாப்பானா?" என்றார் இவர்.

அதோடு சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். என் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. பட்டறையில் நின்ற மற்ற ஆட்களைப் பார்த்து, "டிராக்டர் ஓட்டுனவருக்கு இதெல்லாம் எப்படி லா தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. "உங்க இஷ்டம் மச்சான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். இரண்டு பேர் மேலும் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருத்தருக்கு நாக்கு நீளம், இன்னொருத்தருக்கு ரோஷம் நீளம். நடுவில் நான்.

அண்ணன் சொன்னபடிதான் டப்பி வைக்கப்பட்டது. ஒரு இரும்புத் தகட்டில் அதையும் விளக்கு சுவிட்சையும் பிடித்து, தகட்டைத் தகரச் சுவரில் பூட்டினார். பூட்டுவதற்கு முன் அரத்தை எடுத்து இரண்டு பக்கமும் இருந்த பழைய பெயிண்டைப் பளபளவென்று தெரியும்வரை சுரண்டினார். "இரும்பு இரும்பத் தொட்டாத்தான் கரண்டு திரும்பி வரும்" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். கேட்க வேண்டியவர் வெளியே புகை விட்டுக்கொண்டிருந்தார். நான்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அன்று முதல் நான் முள்ளைப் பார்க்கப் பழகினேன். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மேலே ஏறும். சூடு ஏற ஏற நடுவுக்கு வரும். ஈஜோக் பசார் முன்னால் பிள்ளைகளை ஏற்ற வண்டி நின்று உறுமும்போது கீழே சரியும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் மறுபடி எழும். நானும் அதோடு சேர்ந்து மூச்சு விடுவேன். "இறங்குதுங்க" என்பேன். "நின்னா இறங்கும். கதவத் தொறக்குறது ஒன் வேல, முள்ளப் பாக்குறது என் வேல" என்பார். என் அண்ணன் வைத்த டப்பி என்பதால் அதைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே அவருக்கு ஆகாது.

அந்த வருஷத்து ஆயுத பூசை வந்தது. வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு அதுதானே பெரிய நாள். அவர் முதல் நாளே பானட்டைத் திறந்துவைத்து இன்ஜினைக் கழுவினார். புது எண்ணெய் ஊற்றினார். சக்கரத்துக்குக் கறுப்பு, பம்பருக்கு வெள்ளி நிறம் என்று பெயிண்ட் டப்பாவும் கையுமாகவே இருந்தார். சுவரில் இருந்த தகடு துருப்பிடித்து அசிங்கமாகத் தெரிந்திருக்கிறது. குழாயை இன்ஜின் பக்கம் கழற்றி, தகட்டைப் பிரித்து, முன்னும் பின்னும் வெள்ளி நிறம் அடித்து, சுவருக்கும் அடித்து, காய்ந்ததும் பூசையன்று காலையில் மறுபடி பூட்டினார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். மாமியார் வாசலில் நின்று, "ராகு காலம் வந்துரும், சீக்கிரம்டா" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் குழாயைக் கையால் முறுக்கியவர், ஸ்பானர் போட்டு இறுக்கவில்லை. இது பின்னால் தெரிந்தது.

பூசை குறையில்லாமல் நடந்தது. ஸ்டியரிங்குக்குச் சந்தனம், கியருக்குச் சந்தனம், மீட்டரைச் சுற்றிப் பொட்டு. அந்தச் சிவப்பு விளக்கின் மேலேயும் ஒரு அப்பு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை நகர்த்தினார்.

மறுநாள் காலையில் முள் மேலே போய் நின்றது. ஈஜோக்கில் இறங்கவில்லை. மேடு ஏறும்போதும் அப்படியே. சாயங்காலம் திரும்பும்போதும் அப்படியே.

"பாத்தியா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "புது எண்ணெய். சாமி கும்புட்ட கை. இன்ஜினுக்கு வயசு கொறஞ்சிருச்சு." பின்னால் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். "அண்ணே, எங்களுக்கும் கொஞ்சம் பூச போட்டு விடுங்கண்ணே, வயசு கொறையட்டும்" என்று ஒருத்தி சொல்ல, வண்டியே குலுங்கியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கி ஏறுகிற முள்தான் எனக்குப் பழக்கம். இது ஆணி அடித்தது போல நின்றது. "என்னங்க, நின்னா இறங்கணும்ல?" என்றேன். "நல்லது நடந்தாலும் ஒனக்குப் பொறுக்காதா? ஒங்கண்ணன் வச்சதுன்னா கொறையா காட்டணும், சாமி வச்சதுன்னா சந்தேகமா?" என்றார். வழக்கமாகக் காலையில் எண்ணெய்க் கம்பியை உருவி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். முள் இப்படி நிற்கும்போது கம்பி எதற்கு என்று அடுத்த நாள் அதையும் விட்டுவிட்டார். வண்டி நிற்கிற இடம் புல்தரை. இரவெல்லாம் மழை வேறு. கீழே ஒழுகியிருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

அந்த அடுத்த நாள் காலையில்தான் அது நடந்தது. ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று வரத் தாமதமாகி, நாங்கள் ஏற்கெனவே பிந்தியிருந்தோம். தொழிற்சாலையில் வண்டிகளைக் கவனிக்கிற கிராணி போன வாரமே சொல்லியிருந்தார், இன்னொரு தடவை ஷிஃப்டுக்குப் பிந்தினால் வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று. இவர் மிதித்த மிதியில் வண்டி பறந்தது. பத்து ஆராங்கைத் தாண்டி ரவாங் போகிற பாதை. பின்னால் பிள்ளைகள் கேசட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில் டக்டக்கென்று வேறொரு சத்தம் கேட்கிற மாதிரி எனக்கு இருந்தது. முள்ளைப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றது. பிரமையோ என்று நினைத்தேன்.

ஒரு வளைவில் பாமாயில் எடுக்கிற செம்பனைக்குலை ஏற்றிய லோரி ஒன்று தோட்டத்துச் சந்திலிருந்து ரோட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது. இவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி உதறிக்கொண்டு இன்ஜின் அணைந்தது. சாவி இன்னும் போட்டபடியே இருந்தது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முள் மேலேயே நின்றது.

"இன்ஜின் ஓடலங்க," என்றேன்.

"அதான் தெரியுதே."

"ஓடாத இன்ஜின்ல அழுத்தம் எங்கருந்து வந்துச்சு? முள்ளப் பாருங்க."

பார்த்தார். "கரண்டு இருக்குல்ல. நிக்கும்" என்றார்.

"முந்தியெல்லாம் நிக்கலியே." சிவப்பு விளக்கின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் சுரண்டி எடுத்தேன். இன்ஜின் ஓடாமல் சாவி போட்டிருந்தால் அது எரிய வேண்டும். கறுத்துக் கிடந்தது. "இதுவும் எரியல. ரெண்டுமே பொய் சொல்லுது. எறங்கிக் கம்பியப் பாருங்க."

"நேரமாச்சு. கிராணி சொன்னது மறந்துபோச்சா ஒனக்கு? ரவாங்ல போயிப் பாத்துக்கலாம்." லோரி மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவர் கை சாவிக்குப் போனது.

நான் முந்திக்கொண்டேன். சாவியைத் திருகி உருவினேன். உருவியதும் முள் பொத்தென்று கீழே விழுந்தது, பாட்டும் நின்றது. சாவியை முந்தானையில் வைத்து முடிந்தேன்.

பின்னாலிருந்து பிள்ளைகள் எல்லாருமாக ஆரம்பித்தார்கள். "அக்கா, என்னக்கா இது, லேட்டாவுது லா." "சூப்பர்வைசர் கத்துவான்கா." "அண்ணனுக்குத் தெரியாததாக்கா ஒங்களுக்குத் தெரியும்?"

"குடு" என்றார் அவர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கம்பியப் பாத்துட்டு வாங்க, தர்றேன்."

"பிள்ளைங்க முன்னாடி என்னைய..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு இறங்கிப் போனார்.

பானட்டுக்குப் பின்னால் அவர் மறைந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அவரைப் பார்த்து இல்லை. எண்ணெய் நிறைய இருந்துவிட்டால்? என் சந்தேகத்தாலேயே ஷிஃப்ட் பிந்தி, என் கையாலேயே எங்கள் பிழைப்பைக் கெடுத்தவள் ஆவேன். மண்டோர் சொன்னது என்னால் நடக்கும். முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. எண்ணெய் இருக்க வேண்டும் என்றா, இருக்கக் கூடாது என்றா?

அவர் என் ஜன்னல் பக்கம் வந்தார். கையில் எண்ணெய்க் கம்பி. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் ஒரு பொட்டு ஈரம், அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "இன்னும் ஒரு மேடு ஏறியிருந்தா..."

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். இன்ஜினோடு குழாய் சேரும் இடத்தில் எண்ணெய் கசிந்து பக்கமெல்லாம் கறுப்பாக வழிந்திருந்தது. புது வெள்ளி நிறத்தின் மேல்கூடத் தெறித்திருந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் அண்ணனின் அரம் ஞாபகம் வந்தது. "இரும்பு இரும்பத் தொடல" என்றேன். "நடுவுல பெயிண்டு. அதான் மீட்டர் அது பாட்டுக்கு நிக்குது, லைட்டும் செத்துப்போச்சு." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் சொன்னது என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் புரிந்திருக்கும்.

லோரிக்காரர் மலாய்க்காரர், சுங்கை பஞ்சாங் பக்கத்து ஆள். லோரியை ஓரங்கட்டிவிட்டு வந்து, "மிஞ்ஞாக் ஹாபிஸ்?" என்றார். எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு டின்னை எடுத்து வந்தார். என் வீட்டுக்காரர் குழாயை ஸ்பானர் போட்டு இறுக்கினார். தகட்டைக் கழற்றித் தரையில் வைத்து, இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஸ்குரூடிரைவரால் சுரண்டினார். வெள்ளி நிறம் சுருள் சுருளாகப் போனது. சுவரையும் அதே மாதிரி சுரண்டி, தகட்டைத் திரும்பப் பூட்டி, எண்ணெயை ஊற்றி முடித்ததும் கையை நீட்டினார். முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன்.

சாவியைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. பின்னால் ஒருத்தி, "ஐயோ, போச்சு" என்றாள். எனக்கோ அழுகையே வந்துவிட்டது. ஒரு பூஜ்யத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுளில் அன்றைக்குத்தான். இன்ஜினை எழுப்பினார். விளக்கு அணைந்தது. முள் தயங்கித் தயங்கி நடுவுக்கு வந்து நின்றது. டக்டக் சத்தம் இல்லை.

ரவாங் போய்ச் சேர்ந்தபோது ஷிஃப்ட் தொடங்கிவிட்டிருந்தது. கிராணி வாசல் கேட்டுக்கே வந்துவிட்டார். அவரிடம் எண்ணெய், முள், தகடு என்று இவர் சொன்னது எதுவும் ஏறவில்லை. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேறு வேன் வரும் என்றார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். வயிற்றுவலிக்காரி மட்டும் திரும்பி வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். வெறும் வண்டியில் திரும்பினோம். ஈஜோக்கில் நின்றபோது முள் கீழே சரிந்தது. பழக்கத்தில் வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் பெரட்டு மணி என்னை எழுப்பியது. பாட்டுச் சத்தம் இல்லை. பக்கத்தில் பாயில் அவரும் இல்லை. கொடியில் கிடந்த பழைய காக்கிச் சட்டையையும் காணோம். அது டிராக்டர் ஓட்டும்போது போடுகிற சட்டை. எனக்கு உயிரே போய்விட்டது. இன்ஜினைக் காப்பாற்றி என்ன, இந்த மனுஷனை மண்டோர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டேனே என்று ஆத்திரமும் அழுகையுமாகத் தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடினேன்.

அவர் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் கறை. பானட் திறந்து கிடந்தது. சாவியைப் போட்டு, எரிகிற சிவப்பு விளக்கையும் படுத்துக் கிடக்கிற முள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறு" என்றார்.

"எங்கங்க?"

"கோல சிலாங்கூர் பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்துறதுக்கு வண்டி கேட்டாங்கன்னு நேத்து லோரிக்காரரு சொன்னாரு. இல்லாட்டி மீன் ஏத்துவோம். வண்டி இருக்குல்ல?"

ஏறி உட்கார்ந்தேன். இன்ஜின் எழுந்தது. பெரட்டுக் களத்தைத் தாண்டும்போது வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"முள்ள நீ பாத்துக்க" என்றார். "நான் ரோட்டப் பாக்குறேன்."